அரிதாரம் பூசும் கை

சேலையூரில் எங்கள் தெருவில் நான்காவது வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என்னைத் தேடிக்கொண்டு வந்தார். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். அநாவசியமாக யார் வீட்டுப் படியும் ஏறாதவர். காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, அது ஆறுகிற வரையில் ஒன்றும் பேசவில்லை.

"சார், நீங்க கதை எழுதறவர். சினிமாக்காரங்க நாலு பேரைத் தெரிஞ்சிருக்கும். எங்க பொண்ணு விஷயமா ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தார்.

விஷயம் இதுதான். பெண் பி.காம். தேறிவிட்டாள். தகப்பனார் பாங்குப் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டார். பெண்ணோ, பரீட்சை வேண்டாம், மேக்கப் கற்றுக்கொண்டு அதையே தொழிலாக வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

"சம்பாத்தியம் வருமா வராதாங்கறது அப்புறம். நாளைக்கு ஒருத்தர் வந்து, பொண்ணு என்ன பண்றான்னு கேட்டா நான் என்ன சொல்றது? அடுத்தவங்க மூஞ்சிக்குச் சாயம் பூசறான்னா? நீங்க சொன்னாக் கேட்பா. கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க சார்."

சொல்கிறேன் என்றேன். அவர் போன பிறகுதான் எதை எடுத்துச் சொல்வது என்ற யோசனை வந்தது. ஒரு தொழிலின் பூர்வோத்தரம் தெரியாமல் அது ஆகும் என்பதும் தவறு, ஆகாது என்பதும் தவறு. ஆகவே எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரு முறை மனத்தில் அடுக்கிப் பார்த்தேன். அடுக்க அடுக்க, அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றும், எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியது ஒன்றும் அகப்பட்டன.

அரிதாரம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வேஷம் போடுகிறவர் முகத்தில் பூசுவதையெல்லாம் அரிதாரம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது ஒரு கல்லின் பெயர். ஆர்சனிக் என்ற நஞ்சும் கந்தகமும் சேர்ந்து விளைந்த மஞ்சள் நிறக் கல். கதகளிக்காரர்கள் அதை மனயோலை என்பார்கள். அரைத்து அப்படியே பூசினால் மஞ்சள். நீலம் சேர்த்து அரைத்தால், ராமனுக்கும் நளனுக்கும் உரிய பச்சை. விஷத்தை அரைத்துத் தெய்வத்தின் முகம் எழுதியிருக்கிறார்கள் நம்மவர்கள்! கதகளியில் இன்னொரு விசேஷமும் உண்டு. அரிசி மாவும் சுண்ணாம்பும் கலந்த குழம்பை நடிகரின் தாடையோரம் வரிவரியாக வைத்து வெள்ளை விளிம்பு கட்டுவதற்குச் சுட்டி என்று பெயர். அதற்கென்றே தனியாகப் பயின்ற கலைஞர் இருக்கிறார். நடிகர் மல்லாந்து படுத்திருப்பார். சுட்டிக்காரர் தலைமாட்டில் உட்கார்ந்து மணிக்கணக்கில் வேலை செய்வார். பிறர் முகத்தை எழுதுவது ஒரு தனி வித்தை என்று அங்கே என்றைக்கோ ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நம் தெருக்கூத்தில் அப்படியில்லை. கையில் ஒரு கண்ணாடியை வைத்துக்கொண்டு கூத்துக்காரரே தம் முகத்தை எழுதிக்கொள்வார்.

அந்தச் சாயத்தின் வீரியத்தை நானும் ஒரு தடவை அநுபவித்திருக்கிறேன். ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூட நாடகத்தில் எனக்கு நகுலன் வேஷம். ஐவரில் வசனமே இல்லாதவன் நகுலன்தான். எதையோ குழைத்து எங்கள் முகத்தில் அப்பினார்கள். நாடகம் முடிவதற்குள் கன்னம் நெருப்பாக எரிந்தது. வீட்டுக்கு ஓடிவந்து சோப்பை எடுத்தவனின் கையைப் பிடித்துத் தடுத்தாள் என் அத்தை. தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, மேலிருந்து கீழாக மெல்ல வழித்தெடுத்தாள். "சாயம் எண்ணெய்க்குத்தாண்டா விடும். சோப்புப் போட்டா தோலும் சேர்ந்து வந்துடும்" என்றாள். எந்தப் பள்ளியிலும் அவள் ஒப்பனை படித்ததில்லை. அத்தையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நாலாவது வீட்டுக்காரரின் கவலை கௌரவத்தைப் பற்றியது அல்லவா? அதற்கு விடை தேடி நாம் தூர தேசம் போகவேண்டாம். பல்லாவரத்துக்கு மேற்கே பம்மல் இருக்கிறது. 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியானபோது பம்மலும் அதற்குள் வந்துவிட்டது. அந்த ஊரைத் தம் பெயரோடு சுமந்தவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891-ஆம் ஆண்டில், பதினெட்டு வயசில், சிநேகிதர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். நாடகக்காரனைக் கூத்தாடி என்று ஏளனம் செய்த காலம் அது. அந்தக் காலத்தில் வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு மேடை ஏறச் செய்தார். அவரே வக்கீல், பிற்பாடு சென்னைச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் நீதிபதி. பகலில் நியாயாசனம், இரவில் ராஜ வேஷம்! 1959-ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருதும் அவரைத் தேடி வந்தது. சாயம் பூசிய முகத்தில் அவமானம் ஒட்டவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

அந்தச் சபையில் பெண் வேஷங்களையெல்லாம் ஆண்களே தரித்தார்கள். சம்பந்த முதலியார் கதாநாயகன் என்றால், கதாநாயகி அவருடைய ஆப்த நண்பர் ரங்கவடிவேலு. பம்பாய்ப் பக்கத்திலும் இதே கதைதான். 1913-ல் தாதா சாகேப் பால்கே எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா'வில் அரிச்சந்திரனின் மனைவியாக நடித்தவர் சாலுங்கே என்ற ஓர் ஆண். இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களையே சேர்த்து ஒரு நாடகக் கம்பெனி நடத்திப் பிரமாதமாகப் பெயர் வாங்கினார். 1935-ல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். அதற்கு அவர் வாங்கிய ஒரு லட்ச ரூபாய்ச் சம்பளத்தைப் பற்றி நாடே பேசிற்று. 1941-ல் 'சாவித்திரி' படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி நாரதராக வந்தார். ஆணின் முகத்தில் சீதையும், பெண்ணின் முகத்தில் நந்தனாரும் வருவதை நம் ஜனங்கள் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1931-ஆம் ஆண்டு நமக்கு இரண்டு விதத்தில் முக்கியமானது. அந்த ஆண்டு மே மாதம் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. அக்டோபர் மாதக் கடைசியில் முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' வெளியாயிற்று. இரண்டும் சந்திக்கப் பல வருஷம் ஆயின. 1948-ல் ஏ.வி.எம். ஸ்டூடியோ காரைக்குடிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்தது. வடபழனியிலும் கோடம்பாக்கத்திலும் ஸ்டூடியோக்கள் பெருகின. தாம்பரத்தில் ஏறினால் கோடம்பாக்கத்தில் இறங்கலாம் என்றாகிவிட்டது. 1965-ல் மேம்பாலம் கட்டும் வரையில் கோடம்பாக்கம் ரயில்வே கேட் மூடியிருக்கும்போதெல்லாம் நட்சத்திரங்களின் கார்களும் நின்றாகவேண்டும். அந்தக் கேட்டில் இலவச தரிசனம் கிடைத்ததாகப் பெரியவர்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

சினிமா வந்ததும் ஒப்பனையின் சாஸ்திரமே மாறிவிட்டது. மேடையில் முகம் கடைசி வரிசைக்குத் தெரிந்தால் போதும். காமிராவோ மூக்கின் நுனியில் வந்து நிற்கிறது. அதுவும் மௌனப் பட ஆரம்ப காலத்துப் பிலிம் சிவப்பு நிறத்தை உணராதது. உதட்டில் சிவப்புப் பூசினால் திரையில் கறுப்பாக விழும். ஆகவே நீலம், பச்சை, மஞ்சள் என்று கண்ணறாவியான நிறங்களைப் பூசிக்கொண்டு நடித்தார்கள். நேரில் பேய் மாதிரி இருந்தால்தான் படத்தில் மனுஷன் மாதிரி தெரியும்! எல்லா நிறத்தையும் உணரும் பிலிம் வந்ததும் அந்தக் கூத்து ஒழிந்தது. போலந்தில் பிறந்து, சவுரி கட்டும் தொழில் பழகி, அமெரிக்கா போன மாக்ஸ் பாக்டர் என்பவர் 1914-ல் சினிமாவுக்கென்று கனமில்லாத ஒரு பூச்சைத் தயாரித்தார். 1930-களின் பிற்பகுதியில் அவருடைய கம்பெனியிலிருந்து பான்கேக் வந்தது. ஈரப் பஞ்சில் தொட்டுப் பூசுகிற அந்த வில்லை உலகம் முழுவதும் பரவிவிட்டது. தமிழ் ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் தமிழ்ப் படங்களை இயக்கிய அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன், புது ஒப்பனை முறைகளை இங்கே கொண்டுவந்தவர்களில் ஒருவர். எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் தோன்றிய 'சதி லீலாவதி' (1936) அவர் இயக்கியதுதான்.

ஸ்டூடியோ ஒப்பனை அறை எப்படி இருந்தது என்பதை ஜெமினியில் பல வருஷம் வேலை பார்த்த அசோகமித்திரன் ஆங்கிலத்தில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். வெவ்வேறு ராஜ்யத்துக்காரர்கள் அந்த அறையில் இருந்தார்கள். பிரதான நடிகர்களைத் தலைவர்தான் தொடுவார். அடுத்த படியில் உள்ளவர்களை உதவியாளர்கள் கவனிப்பார்கள். கூட்டத்தில் நிற்கிறவர்களுக்குப் பூசுவது ஆபீஸ் பையனின் வேலை. குருவிடம் சீடன் என்று படிப்படியாக ஏறிய வித்தை அது. எம்.ஜி.ஆருக்கும் என்.டி. ராமராவுக்கும் முகம் எழுதிய பீதாம்பரம் அப்படித்தான் பெரிய பெயர் எடுத்தார். 'மாயா பஜார்' (1957) படத்துக் கிருஷ்ணன் முகத்தை ஆந்திர தேசம் பூஜை அறையில் மாட்டிக்கொண்டதென்றால், அதில் ஒப்பனைக்காரரின் விரலுக்கும் பங்கு உண்டு. ஹாலிவுட்டிலும் வம்ச வித்தைதான். 1917-ல் ஜார்ஜ் வெஸ்ட்மோர் ஒரு ஸ்டூடியோவில் ஒப்பனைப் பகுதியைத் தொடங்கினார். அவருடைய பேரன் மைக்கேல் வெஸ்ட்மோர் 1996-ல் 'இந்தியன்' படத்துக் கிழவரையும் 'அவ்வை சண்முகி' மாமியையும் கமல்ஹாசன் முகத்தில் உண்டாக்கினார்.

இத்தனை பெயர்களைச் சொன்னேனே, ஒன்றைக் கவனித்தீர்களா? பூசிக்கொண்டவர்களில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. பூசினவர்கள் எல்லாரும் ஆண்கள்.

இது தற்செயல் என்று நினைத்துவிடாதீர்கள். பம்பாயில் சினிமா ஒப்பனைக்காரர்களின் சங்கம் ஒன்று 1955-லிருந்து இருந்து வந்தது. பெண்கள் சிகை அலங்காரம் செய்யலாம், ஒப்பனை ஆண்களுக்கு மட்டுமே என்று அதன் விதியில் எழுதி வைத்திருந்தார்கள். தலைமயிர் வரைக்கும் பெண். நெற்றிக்குக் கீழே ஆண்! பெண்களை விட்டால் ஆண்களின் பிழைப்புப் போய்விடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். சாரு குரானா என்ற பெண் அமெரிக்காவுக்குப் போய் லாஸ் ஏஞ்சலிஸில் இந்தக் கலையைப் படித்துத் திரும்பியவர். அவர் 2009-ஆம் ஆண்டையொட்டி அங்கத்தினர் அட்டை கேட்டபோது மறுத்துவிட்டார்கள். அட்டையில்லாமல் வேலை செய்ததற்கு அபராதம் வேறு. விநோதத்தைக் கேளுங்கள். அதே 2009-ல் வந்த 'பா' என்ற பம்பாய்ப் படத்தின் ஒப்பனைக்குத் தேசிய விருது கிடைத்தது. வாங்கிய அயல்நாட்டார் இருவரில் ஒருவர் டோமினி டில் என்ற பெண்மணி!

சாரு குரானாவும் மற்றச் சிலரும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2014 நவம்பர் 10-ஆம் தேதி நீதிபதிகள் தீபக் மிஸ்ராவும் யு.யு. லலித்தும் தீர்ப்புச் சொன்னார்கள். சங்கம் பதிவாகியிருந்தது 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின்கீழ். பதினைந்து வயசு நிறைந்த எவரும் அங்கத்தினராகலாம் என்றுதான் அந்தச் சட்டம் சொல்லியது. ஆண் என்றா சொல்லியது? விதி அரசியல் சட்டத்துக்கும் விரோதம் என்று அடித்துவிட்டார்கள். சீதைக்கு ஆண் மீசையை மழித்துக்கொண்டு வந்தபோது கைதட்டிய தேசத்தில், ஒரு பெண் ஈரப் பஞ்சைக் கையில் எடுப்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டியிருந்தது.

நாலாவது வீட்டுப் பெண்ணுக்கு இதைச் சொல்லலாம் என்று தீர்மானித்தேன். ஆனால் யோசனை அதோடு நிற்கவில்லை. பம்பாய்ச் சங்கத்தின் மேல் எனக்கு வந்த கோபம் திரும்பி வந்து என் வீட்டு வாசலிலேயே நின்றது. அத்தையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா?

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களிலெல்லாம் மணப்பெண்ணுக்கு ஜடை தைப்பவள் என் அத்தைதான். முதல் நாள் மாலையே சண்முகம் சாலைக் கடைத்தெருவில் மொட்டு மல்லிகையும் தாழம்பூவும் மரிக்கொழுந்தும் பொறுக்கி வாங்குவாள். வாழை நாரை இரவு முழுவதும் நனைய வைப்பாள். விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து தைக்க ஆரம்பித்தால், முகூர்த்தத்துக்குள் இடுப்பு வரையில் பூவாகவே ஒரு ஜடை இறங்கும். ராக்கொடி, நெற்றிச்சுட்டி, மை, பொட்டு எல்லாம் அவள் கைதான். பொட்டு வைக்குமுன் பெண்ணை ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தைப் பார்ப்பாள். கறுத்த பெண்ணை வெளுக்கவைக்கப் பார்க்கமாட்டாள். "அவ நெறத்துக்கு அவதான் அழகு" என்பாள். இவ்வளவுக்கும் கூலி, ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், ஒரு ரவிக்கைத் துண்டு. அந்தத் துண்டும் அடுத்த கல்யாணத்தில் வேறொரு தட்டில் ஏறி ஊர்வலம் போய்விடும்.

1989-ல் மாமா காலமானார். அதற்குப் பிறகு அத்தையை யாரும் ஜடை தைக்கக் கூப்பிடவில்லை. யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. 1998-ல் என் சொந்த அக்காவின் கல்யாணம். அக்காவுக்குச் சின்ன வயசிலிருந்து தலை பின்னி விட்டவள் அத்தை. அவள் தைக்கட்டுமே என்று எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. எனக்குத் தோன்றியது, நானும் சொல்லவில்லை. தாம்பரத்திலேயே பணத்துக்கு அலங்காரம் செய்கிற ஓர் அம்மாள் தகரப் பெட்டியோடு வந்து செய்தாள். முகூர்த்தம் முடிவதற்குள் ஜடை தொய்ந்துவிட்டது. மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தை, என்னிடம் மட்டும், "நாரை நனைக்கலைடா" என்றாள்.

வந்த அம்மாளுக்கும் கணவர் இறந்து வெகு காலம் ஆயிற்று என்று பிறகு தெரிந்தது. எங்கள் வீட்டில் அதைப் பற்றி அவளை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. கேட்டதெல்லாம், எத்தனை மணிக்கு வருவீர்கள், எவ்வளவு ரூபாய் என்பதுதான். இதை நான் வெகு காலம் புரிந்துகொள்ளவில்லை. உறவுக்காகச் செய்தவளின் கையில் சகுனம் பார்த்தோம். கூலிக்குச் செய்தவளின் கையில் வேலையைப் பார்த்தோம். பணம் மனுஷரைக் கெடுக்கும் என்று எத்தனையோ கதைகளில் எழுதியவன் நான். அந்தத் தகரப் பெட்டிக்காரியைப் பணம் காப்பாற்றியிருந்தது.

மறுநாள் நாலாவது வீட்டுப் பெண் வந்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். கஷ்டத்தையும் சொன்னேன். முகூர்த்த நாள் என்றால் நடுநிசியில் எழுந்திருக்கவேண்டும். ஆடி மாதத்திலும் மார்கழியிலும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவேண்டும். புதுச் சாமானை முதலில் முழங்கையின் உட்புறத்தில் பூசிப் பார்க்காமல் ஒருவர் முகத்தில் வைத்துவிட்டால், கல்யாணத்தன்று கன்னம் வீங்கிப்போகும். அவளுக்கு அதெல்லாம் முன்னமே தெரிந்திருந்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, மேக்கப்பைச் சொல்லிக் கொடுக்க எத்தனையோ பேர் இருக்காங்க. நார்ல பூ வச்சு நிஜமா ஜடை தைக்கத் தெரிஞ்சவங்கதான் கிடைக்கலை. இப்ப எல்லாம் ரெடிமேடா வாங்கி மாட்டிடறாங்க. உங்களுக்கு யாரையாவது தெரியுமா?" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளை மேற்குத் தாம்பரத்துக்கு அழைத்துப் போனேன். அத்தைக்கு இப்போது எழுபத்தெட்டு வயசு. விஷயத்தைக் கேட்டதும் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "சொல்லித் தர்றதுல என்ன இருக்கு? ஆனா நான் தொட்டுத் தைச்ச பூவைக் கல்யாணப் பொண்ணு வச்சுக்கலாமாடி?" என்றாள்.

பெண் அதற்குப் பதில் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். "பாட்டி, ஒரு ஜடைக்கு உங்களுக்கு எவ்வளவுன்னு எழுதிக்கட்டும்?"

நூற்றுக்கு மேல் ஜடை தைத்தவளை ஆயுளில் முதன்முறையாக ஒருவர் விலை கேட்கிறார். அத்தை என்னைப் பார்த்தாள். எனக்கு அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வெகு நேரம் மனத்துக்குள் ஏதோ கணக்குப் போட்டுவிட்டு, "ஐந்நூறு" என்றாள். உடனே பயந்துபோய், "அதிகமோ?" என்றாள்.

"கம்மி பாட்டி" என்று சொல்லிவிட்டு, பெண் எழுதிக்கொண்டாள்.